பெனால்டி உதைக்கு குவாண்டம் எதற்கு?

ஐயா,

பள்ளி மாணவர்களுக்கான கால்பந்து முகாமில் 'குவாண்டம் பயிற்சி' அளிக்கப்படுவதாகத் தங்கள் பாலக்காடு பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். பெனால்டி உதையில் பந்து இரு மூலைகளுக்கும் ஒருசேரச் செல்கிறது, கோல்கீப்பர் பார்த்ததும் ஒரு பக்கம் முடிவாகிறது என்ற விளக்கம் அடிப்படையிலேயே தவறு. அணு அளவிலான துகள்களை விளக்கும் குவாண்டம் இயற்பியலில், நகரும் பொருளின் அலைத்தன்மையைக் காட்டும் அளவு டி பிராய் அலைநீளம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் 430 கிராம் பந்துக்கு அதை மீட்டரில் எழுதினால், தசமப் புள்ளிக்குப் பின் 34 சுழியங்கள் கழிந்தே 5 என்ற எண் வரும். அணுக்கருவின் அளவுகூட இதைவிடப் பல கோடி மடங்கு பெரியது; ஆகவே பந்திடம் அலைத்தன்மை புலப்பட வழியில்லை. மேலும், குவாண்டம் இயற்பியலில் 'பார்த்தல்' என்பது கருவியுடனோ சூழலுடனோ நிகழும் இடைவினை. அதற்கு மனிதக் கண்ணோ மனஉறுதியோ தேவையில்லை. (மனஉறுதி ஆட்டத்துக்குத் தேவைதான், அது வேறு கணக்கு.)

அந்தப் பந்து பெனால்டி புள்ளியிலிருந்து கோல் வரையிலான 11 மீட்டரை 0.4 நொடியில் கடந்துவிடும். உதைத்த பிறகு கோல்கீப்பர் பாய்ந்தால் நேரம் போதாது. முந்திப் பாய்ந்தால் உதைப்பவர் மறுபக்கம் திருப்பிவிடுவார். எங்கள் பகுதியில் அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் தேர்ந்த கீப்பர்கள் கவனிப்பது உதைப்பவரின் ஊன்றுகாலைத்தான்; பாதம் திரும்பியிருக்கும் பக்கமே பெரும்பாலும் பந்து போகிறது. செல்பேசியில் நொடிக்கு 240 படங்கள் வீதம் பதிவுசெய்தால், அந்த 0.4 நொடி 96 படங்களாக விரியும். முகாம் நடத்துவோர் இதைக் கொண்டு பயிற்சியளிக்கலாம். இத்தகைய செய்திகளை வெளியிடுமுன் அருகிலுள்ள கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் தாங்களும் கருத்துக் கேட்கலாம்.

- இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு), கொழிஞ்சாம்பாறை