லிட்டருக்கு 20 என்று சொல்லி விற்ற டர்போ கார் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

"1.2 லிட்டர் சாதாரண இன்ஜினைவிட இழுவையும் அதிகம், மைலேஜும் அதிகம்" என்று உங்கள் கோவை ஷோரூமில் அடித்துச் சொன்னதை நம்பி, கூடுதல் விலை கொடுத்து உங்கள் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை வாங்கினேன். விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர். அவிநாசி சாலை நெரிசலில் கிடைப்பது 11. கேட்டால், குறை 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோலில் இருப்பதாக உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். அதே பங்கில் பெட்ரோல் போட்டு அதே சாலையில் ஓடும் என் மைத்துனரின் டர்போ இல்லாத கார், அதுவும் உங்கள் தயாரிப்புதான், 14-க்குக் குறைவதில்லையே!

கஸ்டமர் கேரில் டீலரைக் கேட்கச் சொல்கிறார்கள். டீலரோ ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, கோளாறு எதுவும் காட்டவில்லை என்று திருப்பி அனுப்புகிறார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் சர்வீஸ் அட்வைசர், என் மனைவியும் மற்ற வாடிக்கையாளர்களும் கேட்க, "டர்போ வாங்குகிறவர் பெட்ரோல் கணக்குப் பார்க்கக் கூடாது சார்" என்றதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சீரான வேகத்தில், பாரம் குறைவாக ஓடும்போது சிறிய இன்ஜினில் உராய்வும் காற்றை இழுப்பதில் ஏற்படும் விரயமும் குறைந்து எரிபொருள் மிச்சமாகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நின்று நின்று கிளம்பும்போதும் குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போதும் டர்போ அழுத்தித் தள்ளும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் செல்கிறது. நாக்கிங்கையும் (இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம் எழுவது) வெப்பத்தையும் அடக்கச் சில வேளைகளில் அதற்கு மேலும் செல்கிறது. இதைத் தயாரித்த உங்களுக்குத் தெரியாதா? ஆய்வகத்தில் காரைச் சுழலும் உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்த மைலேஜ் கணக்கை, ஊருக்குள் ஓட்டப்போகிறேன் என்று சொல்லியே வாங்கியவரிடம் உறுதிமொழியாக விற்றது எந்த நியாயம்? என் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் பெட்ரோல் பங்கில்தான் கரைகிறது. அந்த அட்வைசர் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தயவுசெய்து உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பி, டாங்கை நிரப்பி, நான் அன்றாடம் செல்லும் சாலையிலேயே ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டு, முடிவை எழுத்து மூலம் தாருங்கள். குறை இருந்தால் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் டர்போவுக்காக வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பெட்ரோல் ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்