ஓவியத்தைப் பெட்டிச் செய்திக்குள் அடைக்காதீர்கள்: வரலாற்றுப் பாடநூல் குழுவினர்க்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினர்க்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றிய பாடங்களில் அரசியலை ஒரு பக்கமாகவும் கலையை இன்னொரு பக்கமாகவும் பிரித்து வைக்கும் வழக்கத்தை அடுத்த திருத்தத்திலாவது கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். 1848 புரட்சிகள் பாடத்தின் நடுவே இடம்பெறுகின்றன. அதே புரட்சியின் வெப்பத்தில் உருவான, சாமானியர் வாழ்வை உள்ளது உள்ளபடி காட்டும் யதார்த்தவாத ஓவியமோ, எந்த மாணவரும் படிக்காத பெட்டிச் செய்தியாக ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. படங்களைக் கையாள்வதிலும் இதே அலட்சியம்தான். 1830 ஜூலைப் புரட்சியைக் காட்டும் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் ஓவியத்தை 1789 பற்றிய பாடத்துக்கு முகப்பாக வைத்த நூல்கள் பல உண்டு. அதில் துப்பாக்கியுடன் நிற்பவரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு பாணி உயரத் தொப்பியைச் சற்று உற்றுப் பார்த்திருந்தாலே இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

யதார்த்தவாதத்தின் முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே தம் சொந்த ஊரில் நடந்த ஒரு சவ அடக்கத்தை வரைந்து, 1850 டிசம்பர் இறுதியில் பாரிஸில் தொடங்கிய அரசு ஓவியக் கண்காட்சியில் வைத்தார். ஏறத்தாழ 22 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட அந்தத் திரையில் பாதிரியார், குழி வெட்டுபவர், அழும் பெண்கள், ஒரு நாய் என நாற்பதுக்கும் மேற்பட்ட சாமானியர்கள் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் உரியதென்று கருதப்பட்ட அளவு அது. ஓர்னான் என்ற சிற்றூரின் குடிமக்கள் அந்த இடத்தில் ஏறி நின்றதைப் பாரிஸ் விமர்சகர்கள் பலர் அருவருப்பு என்றே எழுதினார்கள்.

அவர்கள் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பதற்கு உங்கள் நூலின் அரசியல் பகுதியிலேயே விடை இருக்கிறது. 1848இல் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு வந்ததும் பிரான்சின் வாக்காளர் எண்ணிக்கை சுமார் இரண்டரை இலட்சத்திலிருந்து 90 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. பெண்களுக்கு மட்டும் வாக்கில்லை. அந்த ஜூன் மாதம் வேலை கேட்டு எழுந்த பாரிஸ் தொழிலாளரைக் குடியரசே சுட்டு அடக்கியது. டிசம்பரில் கிராமங்கள் திரண்டு வாக்களித்து, பேரரசர் நெப்போலியனின் தம்பி மகனான லூயி நெப்போலியனைக் குடியரசுத் தலைவராக்கின. 1850 மே 31 சட்டம், ஓரிடத்தில் மூன்றாண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் வாக்குரிமையைப் பறித்தது. அதற்கு ஏழு மாதங்கள் கழித்து, கிராமத்தார் நாற்பது பேர் தலைநகரின் சுவரில் பெரிதாக எழுந்து நின்றதை வெறும் ஓவியமாகப் பார்க்க அன்று யாராலும் முடிந்திருக்காது.

இந்தப் புரட்சி நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்த 1848 ஏப்ரல் 27 ஆணையின் ஆறாம் பிரிவு, பிரான்சின் இந்திய உடைமைகளுக்கும் பாரிஸ் தேசியப் பேரவையில் பிரதிநிதித்துவம் உண்டு என்று அறிவித்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியையாவது தரலாமே.

கூர்பேயின் பிற்காலமும் பாடத்துக்குள் வர வேண்டியதே. வான்தோம் சதுக்கத்தில் நெப்போலியனின் வெற்றியைப் பாடிய தூணைக் கழற்றி அகற்றலாம் என்று 1870இல் அவர் முன்மொழிந்தது உண்மை. ஆனால் அதை இடிப்பதென்று, பாரிஸ் மக்கள் 1871இல் அமைத்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் முடிவெடுத்தது 1871 ஏப்ரல் 12இல். அவர் கம்யூன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்குப் பின்னர். மே 16இல் தூண் விழுந்தது. கம்யூன் ஒடுக்கப்பட்ட பின் இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்தது. அதோடு விடாமல், அடுத்து வந்த ஆட்சி தூணை மீண்டும் நிறுத்தும் செலவு மூன்று இலட்சத்துச் சொச்சம் பிராங்கையும் அவர் தலையில் கட்டியது. 1873இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்ற அவர், முதல் தவணைக்கு முந்தைய நாளான 1877 டிசம்பர் 31இல் அங்கேயே இறந்தார். ஓர் ஓவியரைக் கடனாளியாக்கி அரசு பழிதீர்த்துக்கொண்ட இக்கதையைவிடத் தெளிவாகக் கம்யூனுக்குப் பிந்தைய பிரான்சை விளக்கும் பத்தி எதையும் உங்கள் நூலில் நான் காணவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். 1850 மே சட்டத்தையும் ஓர்னான் ஓவியத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஆண்டோடும் அளவோடும் அச்சிடுங்கள். யதார்த்தவாதத்தின் முன்னோடி யார் என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பதை விட்டுவிட்டு, அந்த ஓவியத்தின் அளவு ஏன் எதிர்ப்பைக் கிளப்பியது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்