கவிதாவின் ரிப்போர்ட்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் உன் பெண் கவிதாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஜெராக்ஸும் வந்தன. தை மாதம் அவள் கல்யாணம் என்று முடிவானதில் ரொம்ப சந்தோஷம். இங்கே பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்து, வீடு தேடிக்கொண்டிருக்கிறான்.

சரி, ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 10.9 என்றதும் இரும்புச்சத்து மாத்திரை எழுதியதில் தப்பில்லை. நம் பெண்களுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்கிறாயே, அதுதான் இடிக்கிறது. லேப்பில் இருந்த பழக்கத்தில் என் கண் நேராக எம்.சி.வி.க்கு, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவுக்குப் போனது. 80க்கு மேல் இருக்க வேண்டியது 64தான். சிவப்பணுக்கள் ரொம்பச் சின்னவை. எண்ணிக்கையோ 56 லட்சம், அதாவது 5.6 மில்லியன்! இரும்பு பற்றாமல் போனால் எண்ணிக்கையும் சேர்ந்து குறைவதுதான் வழக்கம். 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை, அதாவது பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் குறையின் லேசான வடிவத்தைச் சந்தேகிக்கச் சொல்லி மென்ட்சர் என்ற டாக்டர் 1973இல் எழுதிய கணக்கு இது. சந்தேகம் மட்டும்தான், முடிவு இல்லை.

முடிவு தெரிய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. டெஸ்ட் செய்ய வேண்டும். அதில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர். கூடவே உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். இரும்பும் குறைந்திருந்தால் ஏ2 இறங்கிக் காட்டி ஏமாற்றிவிடும். அப்படியானால் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்பா எச்.பி.எல்.சி.யில் பெரும்பாலும் தெரியாது, அதற்கு மரபணுப் பரிசோதனைதான். ஃபெரிட்டின் சரியாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடலாம்.

இருந்தாலும் பயப்படாதே. மைனர் உள்ளவர்கள் எல்லோரையும் போலத்தான் வாழ்கிறார்கள். என் கவலை மாப்பிள்ளையைப் பற்றி. அவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான வடிவம் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மேஜர் வந்த பிள்ளைகள் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவதைப் பார்த்திருக்கிறேன். கை நரம்பு தேடித் தேடி ஊசி குத்துவார்கள், மல்லிகா. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சம்பந்தி வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்காதே. கல்யாணத்தை நிறுத்துகிற விஷயமே இல்லை இது. இரண்டு பேருக்கும் இருந்தாலும், கர்ப்பமான பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது. தெரிந்துகொண்டு போவது நல்லதுதானே?

அப்புறம், ஹாஸ்டலில் உனக்கும்தான் எப்போதும் ரத்தம் கம்மி என்று டானிக் கொடுப்பார்கள். இது பெற்றோர் வழியாக வருவது. நீயும் கவிதாவின் அப்பாவும் அவளோடு சேர்ந்தே ரத்தம் கொடுத்துவிடுங்கள்; இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரிசல்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
ஜெயந்தி