பழைய கணினியைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

மன்னார்குடி
23.11.2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நான்கு நாளாக விட்டு விட்டு மழை. கொல்லையில் கிணறு கைக்கு எட்டும் அளவுக்கு வந்துவிட்டது.

போன வாரம் தொலைபேசியில், "அந்தக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், பணம் நான் அனுப்புகிறேன்" என்றாய். அப்போது நம் தட்டச்சுக் கடையில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பையனுக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அது உன் மனத்தை உறுத்தியிருக்கும் என்று தெரியும், பாப்பா. நீ பாசத்தில் சொன்ன வார்த்தைக்குப் போனில் அவசர அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை நான் அந்தக் கணினியைத் திறந்து, அதன் மூளையான பிராசஸரை மாற்றிவிட்டேன். என் கையாலேயே மாற்றினேன். அப்பா செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

2012-ல் நீ பத்தாம் வகுப்பு எழுதிய வருடம் வாங்கியது அது. கம்பெனியே எல்லாவற்றையும் பூட்டி, முத்திரை ஒட்டி அனுப்பிய ஒல்லியான பெட்டி. உள்ளே இருந்தது இன்டெல் கோர் ஐ3-2120, 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். உன் படிப்புக்கு வாங்கியதுதான் பிறகு என் கடையின் அடுப்பாயிற்று. ராமை 8 ஜிபி ஆக்கினோம். நான்கு வருடத்துக்கு முன் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி போட்டோம். அன்று கிடைத்த வேகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. கணினி திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்த காலம் அன்றோடு முடிந்தது. யாராவது பழைய கணினிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், பிராசஸரைத் தொடுவதற்கு முன் எஸ்எஸ்டி போடச் சொல். பெரிய பலன் அதில்தான் இருக்கிறது.

இந்த வருடம் தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. பழைய புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றித் தரும் வேலை இப்போது நிறைய வருகிறது. அதை ஓடவிட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒருவருடைய விண்ணப்பத்தைத் திறந்தால் மவுஸ் அம்புகூட நகராது. எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு வாரம் கவனித்தேன். ராம் பாதிக்கு மேல் நிறையவில்லை. எஸ்எஸ்டி சும்மா இருந்தது. பிராசஸர் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. எது மூச்சுத் திணறுகிறது என்று அப்போது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஐ3-க்கு இரண்டே கோர்கள், அதாவது வேலை செய்யும் பகுதிகள். இரண்டு பேர் செய்யும் வேலையை நான்கு பேர் செய்வதாகக் காட்டிக்கொள்ளும், ஆனாலும் கைகள் இரண்டு ஜோடிதான்.

அதன் பிறகு நான் படித்ததை உனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எந்தப் பிராசஸர் போடலாம் என்று தீர்மானிப்பது நம் பணம் இல்லை, எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டுதான். நம்முடையதில் பாகங்களை இணைக்கும் சில்லு எச்61 சிப்செட், பிராசஸர் உட்காரும் இடம் எல்ஜிஏ 1155 சாக்கெட். அந்த 1155 என்பது சாக்கெட்டுக்குள் இருக்கும் ஊசிகளின் எண்ணிக்கை. இதற்கு முந்தைய சாக்கெட் 1156, அடுத்து 2013-ல் வந்தது 1150. எண்ணில் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் ஒன்றில் பொருந்துவது மற்றொன்றில் பொருந்தாது. 1155-ல் பொருந்துபவை இரண்டே தலைமுறைகள்: 2011 தொடக்கத்தில் வந்த இரண்டாம் தலைமுறை, 2012 ஏப்ரலில் வந்த மூன்றாம் தலைமுறை. பிராசஸரின் பெயரில் வரும் நான்கு இலக்க எண் 2-ல் தொடங்கினால் முன்னது, 3-ல் தொடங்கினால் பின்னது. இதைத் தெரிந்துகொண்டு போனது நல்லதாயிற்று. சென்ற மாதம் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் போனேன். ஒரு கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் நான்காம் தலைமுறை ஐ5-ஐ எடுத்து நீட்டினார், "இது இன்னும் புதுசு அம்மா" என்று. அது 1150. வாங்கி வந்திருந்தால் மேசையில் அழகுக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

வேறொருவர் ஐ7-3770 போடச் சொன்னார். அது பொருந்தும். நான்கு கோர், ஒரே நேரத்தில் எட்டு வேலை இழை, இந்தச் சாக்கெட்டுக்கு வந்தவற்றில் வலுவானவற்றுள் ஒன்று. எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் அது 77 வாட். நம் பெட்டி ஒல்லி. பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் 65 வாட் பிராசஸருக்கென்று கம்பெனி வைத்தது. பவர் சப்ளையோ 250 வாட்தான், வடிவமும் வழக்கமான வடிவம் இல்லை, நினைத்தால் பெரிதாக மாற்ற முடியாது. கம்பெனிப் பெட்டிகளில் இதுதான் சிக்கல். தனித்தனியாக வாங்கிப் பூட்டிய கணினியில் ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றிக்கொள்ளலாம். இதில் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஆகவே ஐ5-3470எஸ் வாங்கினேன். கடைசியில் வரும் அந்த எஸ் எழுத்து முக்கியம். நான்கு கோர், 2.9 முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ், மின்சாரமோ பழைய ஐ3-க்கு என்ன ஆனதோ அதே 65 வாட். பயன்படுத்தியதுதான், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மேல் தகட்டில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, திருப்பி அடிப்பக்கத்துப் பொன்னிறப் புள்ளிகளில் கீறலோ கருப்போ இல்லை என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுத்தேன்.

வாங்கி வந்தும் மூன்று வாரம் தொடவில்லை. பயாஸ் பற்றிய பயம். கணினியைப் போட்டதும் முதலில் ஓடி, பாகங்களை அடையாளம் காணும் மென்பொருள் அது. நம் மதர்போர்டு 2011-ல் வந்த வகை. தனக்குப் பிறகு பிறந்த மூன்றாம் தலைமுறையை அதன் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. அதைப் புதுப்பிக்காமல் பிராசஸரை மாற்றினால் திரை கறுப்பாகவே நிற்கும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்தாக வேண்டும். கம்பெனி அந்தப் புதுப்பிப்பை வெளியிட்டிருக்கவும் வேண்டும், எல்லா மாடலுக்கும் வெளியிட்டிருப்பதில்லை. நம்முடையதற்கு இருந்தது. நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துவிடக்கூடும் என்பதுதான் என்னைத் தடுத்தது. இந்த மழையில் நம் தெருவில் கரண்ட் எப்படி வந்து போகும் என்று உனக்குத் தெரியாததா? கடையின் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டு, நேற்று இரவு எல்லோரும் போன பிறகு பென் டிரைவில் கோப்பை ஏற்றி ஓடவிட்டேன். நான்கு நிமிடம் இருக்கும். அந்த நான்கு நிமிடமும் நான் நாற்காலியில் சாயவில்லை.

இன்று காலை பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கினேன். சூடாக இருந்தால்தான் பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய பழைய பேஸ்ட் இளகி, ஹீட்சிங்க் பிராசஸரைக் கூடவே இழுத்துக்கொண்டு வராமல் இருக்கும். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கினேன். மழைக்கால ஈரத்தில் அது குறைவுதான், ஆனாலும் தொட்டேன். உள்ளே பதின்மூன்று வருடத் தூசி. ஊதி எடுத்தபோது அப்பா இரண்டு முறை வெளியே போய் இருமிவிட்டு வந்தார். ஹீட்சிங்க்கின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தினேன். அடியில் இருந்த பேஸ்ட், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. இத்தனை நாள் சூட்டில் அந்தப் பிராசஸர் எப்படி வேலை செய்தது என்று பாவமாக இருந்தது.

சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, ஐ3-ஐ விளிம்பில் பிடித்து எடுத்தேன். அதன் கீழே அந்த 1155 ஊசிகளையும் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன், பாப்பா. கோலப் புள்ளிபோல் வரிசை தவறாமல், மயிரிழையைப் போல மெல்லியதாக. ஒரு திருகு கைதவறி விழுந்தால் போதும், வளைந்த ஊசியை நிமிர்த்த என் கண்ணால் ஆகாது. புதியதன் மூலையில் இருக்கும் பொன் முக்கோணத்தையும் பக்கத்து இரண்டு வெட்டுகளையும் பார்த்துப் பொருத்தி வைத்தேன். அழுத்தவே கூடாது, தன் எடையில் தானே உட்கார வேண்டும். உட்கார்ந்தது. நெம்புகோலை இறக்கும்போது மட்டும் கறகறவென்று ஒரு சத்தமும் கைக்கு ஓர் எதிர்ப்பும் வரும். அது இயல்பு என்று முன்பே படித்திருந்ததால் நிறுத்தவில்லை. படிக்காதவர்கள் அங்கேதான் பயந்து கையை எடுப்பார்கள். ஹீட்சிங்க்கின் அடிப்பாகத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதியதன் நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து மூடினேன்.

போட்டதும் விண்டோஸ் வரவில்லை. திரையில் விசிறி வேலை செய்யவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. ஹீட்சிங்க் விசிறியின் சின்ன வயரை மாட்ட மறந்திருந்தேன். உடனே அணைத்து மாட்டினேன். அடுத்த முறை விண்டோஸ் வந்தது, நான்கு கோர் காட்டியது. அப்பா எதுவும் சொல்லாமல் என் தலையில் கை வைத்தார்.

பலன் என்ன என்று கேட்பாய். நூறு பக்கத்தை எழுத்தாக மாற்ற 11 நிமிடம் ஆனது, இப்போது 7. அது ஓடும்போதே விண்ணப்பமும் தடையின்றி நிரப்ப முடிகிறது. எனக்கு வேண்டியது இதுதான். வேலை நடக்கும்போது 78 டிகிரிவரை ஏறிய சூடு 62-ல் நிற்கிறது, அதற்குப் புதுப் பேஸ்ட்டும் காரணம். கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்வதிலோ, ஓர் இணையப் பக்கம் திறப்பதிலோ பெரிய வித்தியாசமில்லை. இரண்டு வருடமோ மூன்று வருடமோ இன்னும் ஓடும் என்பது என் கணிப்பு.

இனி உன் பேச்சுக்கு வருகிறேன். அதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் இன்டெல் பிராசஸர்களை, ஒரு சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. நான் எந்தப் பிராசஸரை மாற்றினாலும் இந்த மதர்போர்டு அந்தக் கோட்டைத் தாண்டாது. ஊர்ப் பிள்ளைகள் ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் என்னை நம்பித் தருகிறார்கள். அவற்றைப் பாதுகாப்பு இல்லாத கணினியில் நெடுநாள் தட்டுவது சரியில்லை. அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன்: இந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிடுவேன். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும், ஸ்கேன் வேலையும் இதிலேயே நடக்கும். பதின்மூன்று வருடப் பத்திரிகைகள் அதில் இருக்கின்றன. ஒரே வீட்டின் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் மூன்றும் நான் அடித்தது. "போன தடவை மாதிரியே போடுங்க அக்கா" என்று வருகிறார்கள். பாமினிக் கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் வரி ஓடிவிடுகிறது, பெயர்கள் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகின்றன. ஆகையால் இதை நான் தூக்கிப் போட மாட்டேன்.

விண்ணப்பங்களுக்கு மட்டும் ஒரு மடிக்கணினி வேண்டும். அதை நீ வாங்கித் தந்தால் மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இணையத்தில் ஆர்டர் செய்து அனுப்பிவிடாதே. பொங்கலுக்கு வரும்போது நாம் இருவரும் தஞ்சாவூருக்குக் கடைக்குப் போகலாம். விசைகளை நான் என் விரலால் ஒரு பக்கமாவது தட்டிப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதில் கிடப்பவள் நான்.

பழைய ஐ3-ஐப் புதியது வந்த பிளாஸ்டிக் டப்பியிலேயே வைத்து, தேதி எழுதி உன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். உன் பொறியியல் சேர்க்கை விண்ணப்பம் அதில்தான் போட்டோம்.

லீவு எத்தனை நாள் என்று எழுது. டிக்கெட் இப்போதே எடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா