நெட்டைப் பனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடலோரப் பனைகளின் படத்தைப் போட்டு, அடியில் 'நம் மாநில மரம்' என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊரான மணப்பாட்டைச் சேர்ந்த எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

எங்கள் ஊருக்கு வெளியே மணற்காட்டில் இன்னும் சில நெட்டைப் பனைகள் நிற்கின்றன. எண்பது அடிக்குக் குறையாது. காற்று எழும்பும் ராத்திரிகளில் காவோலைகள் (காய்ந்த பனையோலைகள்) உரசுகிற சத்தத்தைக் கேட்டு, மழை வந்துவிட்டதென்று கொடியில் கிடக்கும் துணியை எடுக்க எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன்.

கட்டுமரத்தில் தொழிலுக்குப் போன என் தாத்தாவுக்கு அவை வெறும் மரங்களல்ல. கரையை விட்டு விலக விலக முதலில் மணல் மறையும், பிறகு வீடுகள் மறையும். கடைசிவரை தெரிவது மேட்டுக் கோயிலும் பனந்தலைகளும்தான். கோயில் சிலுவைக்கு நேரே இன்ன பனையின் தலை வந்தால் கீழே இன்ன பார் (கடலடிப் பாறைத் திட்டு), இன்ன மீன் என்பார். இப்போது வள்ளத்துக்கு வள்ளம் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் பேட்டரி தீர்ந்தால் பெரியவர்கள் கரையைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த உயரமே மரத்துக்கு வினையாகிவிட்டது. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். அவ்வளவு உயரம் ஏற இப்போது ஆள் இல்லை. ஏறாத பனையால் என்ன பயன் என்று விலை பேசிவிடுகிறார்கள். போன வருஷம் எனக்குத் தெரிந்தே இரண்டு மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. வைரம் பாய்ந்த கட்டை, உத்தரத்துக்காவது போயிருக்கலாம்.

2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாகச் சொன்னார்கள். ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் வடலி, அதாவது இளம்பனை, பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். வருஷத்துக்கு ஓர் அடி வளரும் என்று வைத்துக்கொண்டாலும் எண்பது அடிக்கு நான் எங்கே, என் பேரன் எங்கே? வெட்ட அனுமதி கேட்டு வரும் மனுவில் மரத்தின் உயரத்தையும் எழுதச் சொல்லட்டும். கடலோர நெட்டைப் பனை என்றால் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அடுத்த முறை புகைப்படக்காரரை அனுப்பினால், விடியற்காலையில் வள்ளத்தில் ஏறிக் கடலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போது வெயில் நேராகப் பனைகள் மேல் விழும்.

இப்படிக்கு,
வாசகர், மணப்பாடு