ஆர்டர் கொடுக்கும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் சமையலறை வரைபடமும் கிடைத்தன. மேல் வரிசையில் இரண்டு கேபினட்டுக்கு நடுவே 900 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் இரண்டு ஓப்பன் ஷெல்ஃப் வைக்க நினைப்பது நல்ல யோசனை. ஆனால் “கேபினட் வந்து மாட்டியபின் ஷெல்ஃபைப் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் மாற்றிக்கொள். ஷெல்ஃபுக்கு வேண்டியதில் பாதி, கேபினட் ஆர்டரிலேயே சொல்லியாக வேண்டியது.

இரண்டு கேபினட்டும் ஒட்டி நின்றால் அவற்றின் பக்கப் பலகை யார் கண்ணிலும் படாது. அதனால் வெறும் வெள்ளை லேமினேட்டோடு அனுப்பிவிடுவார்கள். நடுவே திறந்த இடம் வந்தால் அந்த இரு பக்கங்களும் அப்படியே தெரியும். அவற்றுக்கு ஷட்டர் (கேபினட் கதவு) நிறத்தில் லேமினேட் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடு. பின்னால் தனிப் பலகை ஒட்டினால் இடைவெளி பக்கத்துக்கு 18 மி.மீ. குறையும், ஷெல்ஃப் அளவெல்லாம் மாறிவிடும்.

கீல் வைக்கும் பக்கத்தையும் சொல்லிவிடு. ஷெல்ஃப் ஓரமாகக் கீல் வந்தால், திறந்த ஷட்டர் ஷெல்ஃபுக்கு முன்னால் வந்து நின்று கையை மறிக்கும். இடது கேபினட்டுக்கு இடது ஓரத்திலும் வலது கேபினட்டுக்கு வலது ஓரத்திலும் கீல் இருக்கட்டும். கேபினட் ஆழம் 320 என்று போட்டிருக்கிறாய். ஷெல்ஃபை 250-இல் நிறுத்து. பெரிய தட்டு 270 மி.மீ. வரை வரும். அதைப் படுக்க வைத்தால் 20 மி.மீ. முன்னே நீட்டும், அதனால் கெடுதல் இல்லை.

இனி முக்கியமான விஷயம். தாங்கி எதுவும் வெளியே தெரியாமல், சுவருக்குள் செருகிய கம்பியில் ஷெல்ஃப் மிதப்பதுபோல் வேண்டும் என்கிறாய். கணக்கைப் பார். 250 ஆழ ஷெல்ஃபில் 20 கிலோ சீராக இருந்தால், அந்த எடை சுவரிலிருந்து 125 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்ளலாம். சுவரில் 150 மி.மீ. உயரத்துக்கு இறங்கும் எல் வடிவத் தாங்கியில், மேல் ஸ்குரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மொத்தமாக 17 கிலோ அளவுதான். 25 மி.மீ. தடிமனுள்ள பலகைக்குள் ஒளிந்திருக்கும் கம்பித் தாங்கியிலோ எதிர்த்துப் பிடிக்கும் உயரம் ஏறக்குறைய 20 மி.மீ.; அதே எடைக்கு இழுவை 125 கிலோவாகிவிடும். பலகை முறிவதில்லை, சுவர்தான் விட்டுக்கொடுக்கிறது. முன்பக்கம் மெல்லத் தாழ்கிறது, பிறகு ஒருநாள் மொத்தமும் கீழே வருகிறது. 20 கிலோ என்பது மிகையும் அல்ல: பீங்கான் சாப்பாட்டுத் தட்டு ஒரு டஜன் 8 கிலோ வரும், நிரம்பிய ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை எட்டு வைத்தால் மீதியும் ஆகிவிடும்.

உனக்கு இரு பக்கமும் கேபினட் இருக்கிறதே, அதுதான் வசதி. ஷெல்ஃபின் இரு முனைகளையும் பக்கப் பலகைகளோடு, கேபினட்டின் உள்ளிருந்து முடுக்கும் கார்கஸ் ஸ்குரூவால் இணைத்துவிடு. ஸ்குரூ தலை கேபினட்டுக்குள் மறைந்துவிடும். பின்னால் சுவரோடு 40 × 20 மி.மீ. சட்டம் ஒன்றை அடித்து, அதன்மேல் பலகையை உட்கார வை. வெளியிலிருந்து பார்த்தால் மிதப்பதுபோலவே இருக்கும், பிடுங்கும் விசை சுவருக்குப் போகாது. கேபினட் கூடுதல் எடை சுமப்பதால், அதைச் சுவரில் மாட்டும் தொங்கு பட்டியை அதற்கேற்ற வலுவில் கேள்.

தொய்வு தனிக் கதை. அடிக்கு இத்தனை எடை என்று ஒரே சீராக வைத்தாலும், முனைகளில் மட்டும் தாங்கிய 900 மி.மீ. பலகை, 600 மி.மீ. பலகையைவிட ஐந்து மடங்கு தொய்யும். 18-க்குப் பதில் 25 மி.மீ. தடிமன் எடுத்தால் தொய்வு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். பின்பக்கம் சட்டம் தாங்கும். முன் விளிம்பில் 40 மி.மீ. உயரப் பட்டி ஒன்று ஒட்டினால் போதும். மரச்சில்லை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மட்டும் வேண்டாம். மாட்டிய அன்று நேராக இருக்கும், எடை மாதக்கணக்கில் உட்கார உட்கார வளைந்துகொண்டே போகும். கொதிநீரையும் தாங்கும் வகையான பிடபிள்யூபி பிளைவுட் வாங்கு. மேலும் கீழும் ஒரே தடிமன் லேமினேட் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை முறுக்கிக்கொள்ளும். சுவரைத் தொடும் பின் விளிம்புக்கும் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) வேண்டும். யாருக்கும் தெரியாது என்று அதை விட்டுவிடுவார்கள், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

அளவு எடுப்பது கேபினட் மாட்டி மட்டம் பார்த்த பிறகுதான். இடைவெளியை முன்னாலும் பின்னாலும், மேலும் கீழும் தனித்தனியாக அள. சுவர் நேராக இருக்காது, 3 முதல் 5 மி.மீ. வித்தியாசம் சகஜம். இருப்பதில் குறைந்த அளவிலிருந்து 2 மி.மீ. கழித்து வெட்டச் சொல். கீழ் ஷெல்ஃபின் அடிமட்டம் கேபினட் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் வரட்டும். ஷெல்ஃபுகளுக்கு இடையே 300 மி.மீ. விடு.

துளை போடும்போது பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஸ்குரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் போக வேண்டும். டைல் இருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைலைத் தாண்டும்வரை டிரில்லின் ஹேமர் (இடிக்கும்) இயக்கம் இல்லாமல் துளையிடச் சொல். தட்டினால் வெற்றொலி கேட்கும் டைலில் துளையே வேண்டாம். ஸ்குரூவை முடுக்கும்போது டைல் விரிசல் விட்டுவிடும். துளைத் தூளை ஊதி எடுக்காவிட்டால் பிளக் வழுக்கும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் ஓடும், அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடு. ஷெல்ஃபுக்கு அடியில் விளக்கு வேண்டுமென்றால் அதற்கான பள்ளமும் ஒயரும் இப்போதே முடிவாக வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒன்று. அடுப்பு ஓரத்திலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கட்டும். சிம்னி இருந்தாலும் எண்ணெய்ப் புகை கொஞ்சம் தப்பி வரும். அதன்மேல் தூசி ஒட்டினால் வெறும் துணிக்கு வராது. இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கைபடும் பாத்திரங்களை மட்டும் அங்கே வை.

இந்த வாரம் அந்தச் சுவரில் மறைவான இடத்தில் ஒரு சிறு துளை போட்டுத் தூளைப் பார்: சிவப்பா, சாம்பலா, வெள்ளையா? செங்கல், கான்கிரீட், காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான ஏஏசி கல் மூன்றுக்கும் பிளக் வேறு வேறு. பார்த்து எழுது, அதற்கேற்ற பிளக்கின் வகையையும் நீளத்தையும் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்