பதில் வராத மெசேஜும் நீ கேட்ட கேள்வியும்

அன்புள்ள தங்கைக்கு,

முந்தாநாள் ராத்திரி ஒரு மணிக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "அக்கா, என்கிட்ட என்னதான் குறை?" அந்த ஒரு வரிதான். "உனக்கென்ன குறை" என்று உடனே எழுதக் கை போனது. எழுதியிருந்தால், எல்லாரும் சொல்கிற ஆறுதல்தானே என்று போனைக் கவிழ்த்து வைத்திருப்பாய். அதனால்தான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

டேட்டிங் ஆப்பில் அறிமுகமான அவரும் நீயும் மூன்று வாரம் தினமும் பேசினீர்கள். சனிக்கிழமை சந்திப்பதாக நாள்கூடக் குறித்தாயிற்று. வியாழக்கிழமையிலிருந்து பதில் இல்லை, இரண்டு நீல டிக் மட்டும். சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. இதற்குக் கோஸ்டிங் என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வாய்விட்டு அழவும் முடியாது; "ஒரு தடவைகூட நேரில் பார்க்காத ஆளுக்காகவா?" என்று கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன்.

2003இல் நவோமி ஐசன்பெர்கர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையைப் படமெடுக்கும் ஸ்கேனருக்குள் ஒருவரைப் படுக்கவைத்து, திரையில் பந்து எறியும் விளையாட்டு ஒன்றை ஆட விடுவார்கள். இன்னும் இரண்டு பேர் உங்களோடு ஆடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் இவருக்கும் பந்து வரும். அப்புறம் அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட நேரத்தில், உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி ஒன்று இவர்களுக்கும் கூடுதலாக வேலை செய்தது.

அந்த ஆய்வில் என் மனதில் தங்கிப்போனது இன்னொரு விஷயம். அந்தப் பக்கம் யாருமே இல்லை. பந்தை எறிந்தது ஒரு கணினி நிரல். யாரும் அவர்களை எடைபோடவில்லை, வேண்டாம் என்று முடிவெடுக்கவும் இல்லை. ஆனாலும் வலித்தது. உன் வலி நிஜம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வலியை வைத்து உன்னிடம் குறை இருக்கிறது என்று நீ முடிவு கட்டுகிறாயே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நானும் ஒருவரை அப்படி விட்டிருக்கிறேன்.

நல்ல மனிதர். ஒரு மாதம் பேசியிருப்போம். நான் படித்துக்கொண்டிருந்த ஒரு நாவலைப் பற்றிச் சொல்லியிருந்தேன். "முடித்துவிட்டீர்களா? முடிவு பிடித்ததா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். அன்றைக்குத்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மெசேஜைப் பார்த்தேன். அப்புறம் எழுதலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். ஒன்பது நாள் போய்விட்டது. பத்தாம் நாள் எழுத உட்கார்ந்தபோது, இத்தனை நாள் கழித்து என்னவென்று ஆரம்பிப்பது என்ற கூச்சம். இன்னும் ஒரு வாரம் போனதும் அந்தக் கூச்சம் வெட்கமாகிவிட்டது. கடைசியில் ஆப்பையே நீக்கிவிட்டேன். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. அவர் கேட்ட கேள்விதான் அந்த வாரம் எனக்கு வந்ததிலேயே அன்பான கேள்வி. அவரும் யாரிடமாவது நடுராத்திரியில் "என்கிட்ட என்ன குறை?" என்று கேட்டிருப்பாரோ என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

பதில் போடாத எல்லாருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. சிலர் இன்னொருவரைப் பார்த்துப் போயிருப்பார்கள். சிலருக்குச் சந்திக்கும் நாள் நெருங்க நெருங்கப் பயம் வந்திருக்கும். சிலர் மரியாதை தெரியாதவர்கள்தான். எது என்று நமக்குத் தெரியாது. தெரியாத அந்த இடத்தில் உன் மூக்கையும் உன் வேலையையும் உன் வயதையும் நீயே கொண்டுபோய் நிரப்புகிறாய், அதை நிறுத்து என்கிறேன்.

மேட்ச் வராததற்கும், அதாவது உனக்குப் பிடித்தவருக்கு உன்னையும் பிடித்திருக்கிறது என்று ஆப் காட்டாததற்கும், நீ உன்னையே குறை சொல்லிக்கொள்வாய், தெரியும். ப்ரோங்க், டெனிசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டதைக் கேள்: புரொஃபைல்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே போனால், முதலில் வரும் முகத்தைவிடக் கடைசியில் வரும் முகத்துக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. பார்க்கப் பார்க்க மனசு மூடிக்கொண்டே போகிறது. உன் படம் அவர்கள் கைக்கு எத்தனையாவதாக வந்ததோ! நீயும்தான் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாய். கடைசி அரை மணி நேரத்தில் யாரையாவது உனக்குப் பிடித்திருக்கிறதா? பத்துப் பேரைப் பார்த்ததும் மூடி வை. ராத்திரியில் பார்க்கவே பார்க்காதே.

அடுத்த முறை மூன்று வாரம் காத்திருக்காதே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவரோடு இரண்டு மாதம் எழுத்திலேயே பேசினேன். அவர் எழுதாத இடங்களையெல்லாம் நானே நிரப்பி, குரலும் சிரிப்பும் கொடுத்து, ஓர் ஆளைச் செய்து வைத்துவிட்டேன். நேரில் வந்தவர் வேறு ஒருவர். நல்லவர்தான், பாவம். நான் செய்து வைத்த ஆளுக்காகத்தான் அப்புறம் பல நாள் அழுதேன்.

சமந்தா ஜோயலும் இன்னும் இருவரும் 2017இல் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. முதன்முறையாகச் சந்திக்கப்போகிறவர்களிடம் அவர்களுடைய குணம், விருப்பம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட விஷயங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கணினியிடம் கொடுத்தார்கள். யார் பொதுவாகப் பலருக்கும் பிடித்தவராக இருப்பார் என்பதை அது ஓரளவு கணித்தது. இந்தக் குறிப்பிட்ட ஒருவருக்கு இந்தக் குறிப்பிட்ட ஒருவரைப் பிடிக்குமா என்பதை மட்டும் அதனால் கணிக்க முடியவில்லை. எனக்கு நம்பிக்கை கொடுப்பது இதுதான். எதிரில் உட்கார்ந்து பேசும்வரை அது யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால் ஒரு வாரம், பத்து நாள் பேசு, ஒரு வீடியோ காலில் பார். பிடித்தால் நாலு பேர் நடமாடும் இடத்தில் ஒரு மணி நேரம் சந்தி. எங்கே போகிறாய் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போ. நேரில் வராமலேயே பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே பிளாக் செய்துவிடு. வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வரி எழுதி நன்றி சொல்லிவிடு. நான் செய்யத் தவறியதை நீ செய்.

சலித்துப்போனால் ஒரு மாதம் ஆப்பை எடுத்துவிடு. அதனால் எதுவும் கைவிட்டுப் போய்விடாது.

கடைசியாக ஒன்று. நேற்று உன் புரொஃபைலைப் பார்த்தேன். "இசை, பயணம், சினிமா பிடிக்கும்" என்று மாற்றியிருக்கிறாய். முன்னால், "எனக்குப் பாடத் தெரியாது. ஆனால் தனியாக இருந்தால் பாடுவேன்" என்று எழுதியிருந்தாயே, அது எங்கே? யாரோ ஒருவர் அதைக் கேலி செய்தார் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. பக்கத்து அறையில் உன் குரலைக் கேட்டு நான் கதவைத் திறக்காமல் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. ஆப்புக்கு நீ எப்போது திரும்பினாலும் சரி, முதலில் அந்த வரியை எடுத்துப் போடு. உன்னைத் தேடுகிற ஒருவர் அங்கே இருந்தால், அந்த வரியை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா